திண்ணைக்கு வாடகை

அம்மாவுக்குப் போன மாதம் எழுபத்தைந்து முடிந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் போன் செய்து, "பாட்டிக்குப் புடவை எடுக்காதீங்கப்பா, இருக்கிறதையே கட்ட மாட்டேங்கிறாங்க. பாண்டியில ஒரு பழைய வீட்டு ஓட்டல்ல ரெண்டு ராத்திரிக்கு ரூம் போட்டுட்டேன். கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க" என்றாள். எவ்வளவு என்று கேட்டேன். சொல்லவில்லை. நானே இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் இந்தத் தொகையை உயிர் போனாலும் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

அம்மா பிறந்து வளர்ந்தது பாண்டியில்தான். பெருமாள் கோயில் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய வியாபாரி வீடு. அதில் மூன்றாம் கட்டு, கிணற்றை ஒட்டிய இரண்டு அறைகள், தாத்தாவுக்கு வாடகை. கல்யாணமாகி விழுப்புரம் வந்த பிறகு அம்மா அந்த வீட்டைப் பற்றிப் பேசாத மழைக்காலம் கிடையாது. அந்த வீடு இப்போது இல்லை. நான்கு மாடிக் குடியிருப்பு, கீழே செல்போன் கடை.

"ஓட்டலுக்குப் போனா சாப்பிட்டுட்டு வரணும். அங்க போய் எதுக்குடா தூங்கணும்? பாண்டியில நமக்கு ஆளா இல்ல?" என்றார் அம்மா.

ஆள் இல்லை. கடைசியாக இருந்த மாமாவும் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் அந்த 'ஓட்டல்' விஷயத்தில் அம்மா சொன்னதை யோசித்துக்கொண்டே போனேன். நமக்கு ஓட்டல் என்றால் இட்லி. பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்தச் சொல் தங்கும் விடுதியை மட்டும் குறிப்பதில்லை. நகரத்துக்குள் இருக்கும் பெரிய மனிதர் வீட்டுக்கும், பெரிய பொதுக் கட்டடத்துக்கும்கூட 'ஒத்தேல்' என்று பேர். பாண்டிக் கடற்கரையில் நிற்கும் நகராட்சிக் கட்டடத்துக்கு அவர்கள் வைத்த பேர் 'ஒத்தேல் த வீல்'. ஊர்க்காரர்கள் 'மேரி' என்பார்கள். அந்த மேரி கட்டடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதில் ஒரு சோகக் கதை இருக்கிறது.

நாங்கள் தங்கிய ஓட்டலின் பேரைச் சொல்லப் போவதில்லை. காரணம் போகப் போகப் புரியும். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாண்டி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரை வடக்குத் தெற்காகப் பிளந்துகொண்டு அந்த வாய்க்கால் ஓடுகிறது (ஓடுகிறது என்பது மரியாதைக்கு). ஒரு கரையில் செஞ்சி சாலை, மறு கரையில் ஆம்பூர் சாலை. கிழக்கே கடல் பக்கம் வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள், மேற்கே நம் ஆட்கள். ஊரைக் கட்டம் கட்டமாக வகுத்த வரைபடம் பிரெஞ்சுக்காரர்கள் போட்டதில்லை. 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்டது. கிழக்கே வீடுகள் தெருவுக்கு முதுகைக் காட்டும். உயர்ந்த மதில், பெரிய கதவு, உள்ளே போனால்தான் தோட்டமும் தூண்களும். மேற்கே வீடுகள் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். திண்ணை, அதற்கு மேல் மரத்தூண் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம். இரண்டும் கலந்த வீடுகளும் உண்டு. கீழே பார்த்தால் தமிழ் வீடு, மாடியைப் பார்த்தால் வளைவு ஜன்னலும் சுண்ணாம்புப் பூ வேலையுமாகப் பிரெஞ்சு வீடு. வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்ட அந்தக் காலத்து துபாஷி மாதிரி. எனக்கு இந்த ரகம்தான் பிடிக்கும்.

இன்னொன்று. சுற்றுலா வழிகாட்டி யாராவது "இந்த வீடு முந்நூறு வருஷத்துக்கு முந்தினது சார்" என்றால் தலையை மட்டும் ஆட்டுங்கள். 1761-இல் இங்கிலீஷ்காரர்கள் ஊரைப் பிடித்து, கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டம் ஆக்கிவிட்டார்கள். 1765-இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து பழைய தெருக்கோடுகளின் மேலேயே மறுபடி கட்டினார்கள். 1738-இல் கட்டியதாகச் சொல்லப்படும் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை மாதிரி தப்பிப் பிழைத்தவை மிகச் சில. நீங்கள் தங்கப்போகும் வீடு பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடுதான். அதுவே பெரிய விஷயம். பொய் சொல்லி வயதைக் கூட்ட வேண்டிய அவசியமில்லை.

ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அம்மா நேரே போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கையால் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. "முட்டைப் பூச்சு" என்றார். நான் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன்.

சீருடை போட்ட பையன் ஒருவன் ஓடி வந்தான். "அம்மா, இங்க உக்காரக் கூடாதும்மா. கெஸ்ட்டுங்களுக்கு மட்டும்தான்."

அப்போதுதான் பார்த்தேன். தூணுக்குத் தூண் ஒரு தடிமனான கயிறு, நடுவில் பித்தளைக் கொக்கி. அம்மா கயிற்றைத் தாண்டியா போனார், குனிந்து போனாரா என்று இன்றுவரை தெரியவில்லை. "நாங்கதாம்பா கெஸ்ட்டு" என்றேன். பையன் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, உள்ளேயிருந்து நன்னாரி சர்பத் கொண்டு வந்து கொடுத்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. திண்ணையில் கண்டவர்கள் உட்கார்ந்தால் அவன் வேலை போகும்.

எனக்குக் கோபம் வந்தது. திண்ணை என்பதே முன்பின் தெரியாதவன் உட்கார்வதற்காகக் கட்டியதுதானே, அதற்கே வாடகையா, அதற்கே கயிறா என்று ஒரு முழுப் பதிவு மனதுக்குள் ஓடியது. அறைக்குப் போனதும் அம்மாவிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

அம்மா சிரித்தார். "யாருடா சொன்னா? திண்ணையில எல்லாரும் உக்காந்துட முடியுமா? நம்ம துணி வெளுக்கிறவரு தெருவுல நின்னுதான் மூட்டையக் கொடுப்பாரு. திண்ணையில ஏறினா கேக்கறதுக்கு ஆள் உண்டு. நாங்களே அந்த வீட்டுல பதினெட்டு வருஷம் குடியிருந்தோம். பின் சந்து வழியாத்தான் போவோம் வருவோம். முன்வாசல் வழியா நவராத்திரிக்குக் கொலு பாக்கத்தான் விடுவாங்க."

பதிவு அங்கேயே பாதி செத்தது.

சாயங்காலம் வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது அம்மாதான் வழிகாட்டி. 'நூலகம்' என்று எழுதியிருந்த அறையைப் பார்த்து, நெல் கொட்டுகிற அறை என்றார். முற்றத்தை ஒட்டிய கூடம் இப்போது வரவேற்பறை. ஊஞ்சல் அதே இடத்தில் தொங்குகிறது, மேலே வெல்வெட் தலையணை. அம்மா அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்து காலால் ஓர் உந்து உந்தினார். இரண்டாம் கட்டின் கோடியில், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. இப்போது அது மசாஜ் செய்யும் அறை. மெழுகுவர்த்தி, எலுமிச்சைப்புல் வாசனை. அம்மா வாசலிலேயே நின்றார்.

"இங்கதான் மூணு நாள் உக்கார வச்சிருப்பாங்க" என்றார். எந்த மூன்று நாள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

பழைய வீட்டு ஓட்டல்களின் சுவரில் மாட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களில் இந்த அறை வருவதில்லை. ஜரிகைத் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர், நாற்காலியில் அவர் மனைவி, பக்கத்தில் வரிசையாகக் குழந்தைகள். படத்தில் இருப்பதெல்லாம் முதல் கட்டு மனிதர்கள். மூன்றாம் கட்டில் இருந்தவர்கள் படம் எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, புலம்பலை நிறுத்திவிட்டு, எனக்கு உண்மையில் ஆச்சரியமாக இருந்த விஷயத்துக்கு வருகிறேன். குளியலறை.

யோசித்துப் பாருங்கள். இந்த மாதிரி வீட்டில் தண்ணீர் புழங்கும் இடமெல்லாம் பின்னால் இருக்கும். கிணறு, குளிக்கிற இடம், அதற்கும் பின்னால் கக்கூஸ். வீட்டின் மற்ற பாகமெல்லாம் மழைத்தண்ணீர் தவிர வேறு தண்ணீர் பார்க்காமல் நூறு வருஷம் நின்றது. ஓட்டலாக மாற்றினால் பத்து அறை, பத்துக் குளியலறை, அதில் பாதி மாடியில். வருகிறவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஷவரில் குளிப்பார்கள். மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று வைத்தாலே ஒரு டன் எடை.

அந்த மொட்டைமாடி எதால் ஆனது தெரியுமா? மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, அதன் மேல் அச்சுக்கல் என்ற சின்னச் செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் தட்டோடு என்ற தட்டை ஓட்டைப் பதிப்பார்கள். கம்பி இல்லை, சிமெண்ட் இல்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நூறு வருஷம் தாங்கும். ஒரு மூலையில் தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கினால், கட்டையின் முனை சுவருக்குள் இருக்கும் இடத்தில் யார் கண்ணுக்கும் தெரியாமல் மக்கத் தொடங்கும். கரையான் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மறுநாள் காலையில் கைப்பிடிச் சுவரில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஓட்டலுக்கு நிரந்தரமாக வருகிறவர். குளியலறைகளையெல்லாம் பழைய சுவரில் கை வைக்காமல், பின்கட்டுப் பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாகத் தனியாகத் தூண் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். தொட்டியும் அதன் மேல்தான். பழைய சுவருக்கு அதன் பாரம் கிடையாது. நான் தங்கிய அறையின் குளியலறைக்கு இரண்டு படி ஏறிப் போக வேண்டியிருந்தது. ராத்திரி முழங்காலை இடித்துக்கொண்டு திட்டினேன். குழாய்களெல்லாம் அந்த இரண்டு படி உயரத்துக்குள் போகின்றனவாம்.

"சுண்ணாம்புச் சுவரு குடிச்ச தண்ணிய வெளிய விட்டுடும் சார். மேல சிமெண்ட்டப் பூசினீங்கன்னா உள்ளாறயே வச்சிக்கும். அப்புறம் உப்பாக் கக்கும். பக்கத்துல கடலு வேற" என்றார் அவர். தெருவில் எதிர் வீட்டைக் காட்டினார். சிமெண்ட் பூசி, பளபளவென்று பெயிண்ட் அடித்த சுவர் இடுப்பு உயரம் வரை பொரிந்து போயிருந்தது.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு இந்தப் பயணத்திலேயே முக்கியமானது. "ஓட்டல் ஆனதுல ஒரு நன்மை சார். ரூம்ல ஒரு சொட்டு ஒழுகினா அந்த ராத்திரியே போன் வந்துடும். மறுநாள் நான் மேல இருப்பேன்."

இங்கே மேரி கட்டடத்தின் கதையைச் சொல்லிவிடலாம். 1870-களின் தொடக்கத்தில் கடலைப் பார்த்துக் கட்டிய கட்டடம். நீளத் தூண் வரிசை. பாண்டியில் பிறந்த எத்தனையோ பேரின் பிறப்புப் பதிவு அங்கேதான். வருஷக்கணக்கில் விரிசல் விட்டு, செடி முளைத்து நின்றது. ஊரில் எல்லாருக்கும் தெரியும். அறிக்கைகள் எழுதப்பட்டன. 2014 நவம்பர் கடைசியில் மழை விடாமல் அடித்தது. ஒரு நாள் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிறகு அதே அச்சில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அதன் போட்டோ மாதிரிதான்.

அந்தக் கட்டடத்தின் மேல் ஊருக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஒழுகியபோது கத்துவதற்கு உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான். ராத்திரிக்கு இத்தனை ஆயிரம் கொடுத்துப் படுத்திருப்பவன் கத்துவது போல அரசாங்க அலுவலகத்தில் யாரும் கத்த மாட்டார்கள்.

வீட்டுக்காரர்கள் ஏன் பார்த்துக்கொள்ளவில்லை என்று கேட்பவர்கள் பாகப்பிரிவினை பார்த்ததில்லை என்று அர்த்தம். தாத்தா பேரில் இருக்கும் வீட்டுக்கு வாரிசு ஏழு பேர் என்றால், இரண்டு பேர் பிரான்சில், மூன்று பேர் சென்னையில், ஒருவர் யாருடனும் பேசுவதில்லை, மிச்சம் ஒருவர் அந்த வீட்டில் இரண்டு அறையில் குடியிருக்கிறார். தளத்தைப் பிரித்துப் போட வேண்டும் என்றால் செலவை யார் தருவது? தேக்குக் கட்டை என்ன விலை விற்கிறது? சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் எத்தனை பேர் மிச்சம்? அதே நேரத்தில் ஒரு பில்டர் வந்து, ஆளுக்கு ஒரு ஃபிளாட், கையில் ரொக்கம் என்கிறார். அம்மாவின் பழைய வீடு அப்படித்தான் போனது. அந்த ஏழு பேரை நான் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

1990-களில் பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு பாண்டியின் பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்தபோது 1,800-ஐ ஒட்டி வந்தது. அதற்கப்புறம் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் பல நூறு போய்விட்டன. அதிகம் போனது தமிழர் பகுதியில்தான். வெள்ளையர் பகுதியில் படம் எடுக்க ஆள் வருகிறார்கள், அதனால் நிற்கிறது. இந்தப் பக்கம் வியாபாரம் நடக்கிறது, அதனால் இடிகிறது.

இதை மாற்றிக் காட்ட நடந்த ஒரு முயற்சியைச் சொல்ல வேண்டும். வைசியாள் வீதி. கல்வே சுப்பராயச் செட்டி வீதி என்றும் பேர். 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன், பிரான்சிலும் இத்தாலியிலும் இருக்கும் இரண்டு சிறு நகரங்களின் துணையோடு, இன்டாக் அந்தத் தெருவின் வீட்டு முகப்புகளை வரிசையாகச் சீர்செய்தது. ஒரு வீட்டை மட்டும் பளபளக்க வைக்காமல் தெருவையே எடுத்துக்கொண்டதுதான் அதில் விசேஷம். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் இந்தத் தெருவுக்கு இடம் கிடைத்தது. இரண்டாம் நாள் அங்கே போனோம். தாழ்வாரங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகின்றன. ஒரு திண்ணையில் பாட்டி ஒருவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மா கேட்காமலே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டை எடுத்து ஆய ஆரம்பித்துவிட்டார். கயிறு கிடையாது. முக்கால் மணி நேரம் போனது. நான் தெருக்கோடி வரை மூன்று தடவை நடந்தேன்.

ஓட்டலான வீடுகளிலும் ஒழுங்கானவை உண்டு. பெருமாள் கோயில் தெருவில் 'மேசோன் பெருமாள்' என்ற ஓட்டல் இருக்கிறது. நூற்று முப்பது வருஷத்தை ஒட்டிய தமிழ் வீடு, பத்தே அறை. வெளியிலிருந்து பார்த்தவரையில் வீட்டை வீடாகவே விட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. அந்தப் பக்கம் ரொமேன் ரோலான் வீதியில், கல்வித் துறை அலுவலகமாக இருந்த பழைய மாளிகையை ஓட்டலாக்கினார்கள். 'ஒத்தேல் த லோரியான்' என்று பேர். பாண்டியில் இந்தப் பழைய வீட்டு ஓட்டல் மோகத்துக்கு வழிகாட்டியவற்றில் அதுவும் ஒன்று. அலுவலகம் ஓட்டலாவதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. கோப்புகள் வேறு இடத்துக்குப் போகும், அவ்வளவுதானே.

இந்த வித்தியாசத்தை நான் முதலில் கவனித்தது வெளியூரில். சிங்கப்பூரில் ஆற்று முகத்தில் நிற்கும் ஃபுல்லர்டன் ஓட்டல், 1928-இல் கட்டிய கட்டடம். அங்கேதான் பொதுத் தபால் அலுவலகம் இருந்தது. நம் ஊர்களுக்கு வந்த எத்தனை நீலக் கடிதங்கள் அங்கே முத்திரை வாங்கியிருக்கும். 2001-இல் நானூறு அறை ஓட்டலாகத் திறந்தார்கள். இஸ்தான்புல்லில் சுல்தானகமத் சிறைச்சாலையை 1996-இல் ஃபோர் சீசன்ஸ் ஓட்டலாக்கினார்கள். தபால் ஆபீசும் சிறையும் ஓட்டலானால் தெருவில் யாருக்கும் வீடு போகவில்லை. சிறை ஓட்டலாவதில் ஒரு குரூரமான நகைச்சுவை இருக்கிறது. போகட்டும்.

பினாங்கு அப்படியில்லை. ஜார்ஜ் டவுனில் சோங் ஃபாட் சே என்ற சீனப் பெருவியாபாரியின் நீல மாளிகை இருக்கிறது. சுவரெல்லாம் அவுரி நீலம் கலந்த சுண்ணாம்பு. இடிபடவிருந்ததைச் சில ஆர்வலர்கள் சேர்ந்து வாங்கி, 1990-கள் முழுக்கச் சீர்செய்து காப்பாற்றினார்கள். 2000-இல் யுனெஸ்கோ விருது. இப்போது ஓட்டல். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதே 2000-இன் தொடக்கத்தில்தான் ஊரில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிவுக்கு வந்தது. கடைவீடுகளில் தலைமுறையாகக் குறைந்த வாடகைக்கு இருந்த குடும்பங்கள் கும்பல் கும்பலாக வெளியேறின. 2008-இல் ஊர் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. காலியான கடைவீடுகள் ஒவ்வொன்றாகச் சின்ன ஓட்டல்களாகவும் காபிக் கடைகளாகவும் மாறின. கட்டடங்கள் நிற்கின்றன, அழகாகவே நிற்கின்றன. சாயங்காலம் ஏழு மணிக்குச் சில தெருக்களில் நடந்தால் வீட்டுச் சமையல் வாசனை எதுவும் வராது.

பாண்டி இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. ஆனால் வெள்ளையர் பகுதியின் சில தெருக்களில் சனி, ஞாயிறு நடந்து பாருங்கள். உள்ளூர்க்காரர் வாகனம் நிறுத்த இடம் தேடி அலைகிறார். கல்யாணப் படம் எடுப்பவர்கள் மஞ்சள் சுவருக்கு வரிசையில் நிற்கிறார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா' குடும்பங்கள் இருந்த வீடுகளில் பல இப்போது அறை எண் போட்டவை. இன்னொரு கொடுமை, புதிய கான்கிரீட் கட்டடத்துக்கு மஞ்சள் அடித்து, வெள்ளைப் பட்டை போட்டு, வளைவு ஜன்னல் வைத்து 'ஹெரிடேஜ்' என்று பலகை மாட்டுவது. பக்கத்தில் நிஜமான பழைய வீடு தாளிட்டுக் கிடக்கும். பொய்யை நன்றாகக் கட்டினால் உண்மைக்கு வாடகை கிடைக்காது போலிருக்கிறது.

ஆகவே நான் எந்தக் கட்சி? ஓட்டல் கட்சிதான். இடிப்பதற்கும் ஓட்டலாவதற்கும் இடையில் தேர்வு என்றால் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஒரு கொத்தனாருக்கு மாசச் சம்பளம் கொடுக்க இன்றைக்கு வேறு யார் இருக்கிறார்கள்? விற்காமல் நீண்ட குத்தகைக்கு விடும் குடும்பங்களுக்கு வீடும் மிஞ்சுகிறது, வருமானமும் வருகிறது. ஆனால் ஒரு தெருவில் இருபது வீடு இருந்தால் இரண்டு ஓட்டல் போதும். பதினெட்டில் மனிதர்கள் இருந்தால்தான் அந்த இரண்டுக்கும் ஆள் வரும். இதற்கு வீட்டு வரிச் சலுகையோ, தளம் மாற்ற மலிவான கடனோ அரசாங்கம் கொடுத்தால்தான் உண்டு. வெறும் பட்டியலில் பேர் சேர்த்துவிட்டு இடிக்காதே என்றால் வீட்டுக்காரர் ஒழுகவிட்டே இடித்துவிடுவார்.

கடைசி நாள் காலையில் தூக்கம் கலைந்து பார்த்தால் அம்மா அறையில் இல்லை. தேடிக்கொண்டு போனேன். முன்வாசல் கதவை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டு, வாசற்படிக்கு உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தார். சீருடைப் பையன் பக்கத்தில் நின்று காபி கொடுத்துக்கொண்டிருந்தான். தெருவில் பால்காரர், பள்ளிக்கூட வேன், பூ விற்கிற அம்மாள்.

"என்னம்மா, இங்க உக்காந்திருக்கீங்க? திண்ணையில உக்காரலாமே, இப்ப யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"திண்ணை யாருக்கு வேணும்? பதினெட்டு வருஷத்துல இந்த மாதிரி ஒரு முன்வாசல்ல நான் உக்காந்ததே இல்லடா. உள்ளேருந்து தெருவப் பாத்தா எப்படி இருக்கும்னு பாத்துட்டிருக்கேன்" என்றார். பிறகு பையனைப் பார்த்து, "காபியில சிக்கரி ஜாஸ்தி தம்பி" என்றார்.

பில்லில் அந்தக் காபிக்கு நானூற்றுச் சொச்சம் போட்டிருந்தார்கள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அம்மாவிடம் காட்டவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஊஞ்சலும் பித்தளை உருளியும் எல்லா ஓட்டல்காரர்களும் வைத்துவிடுவார்கள், அதை நம்பி அறை போடாதீர்கள். முற்றம் வானம் பார்த்துத் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். திறந்திருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் போங்கள், நான்கு பக்கத் தாழ்வாரத்திலிருந்தும் மழை உள்ளே கொட்டுவதைப் பார்க்கலாம். குளியலறைக்குப் படி ஏறுமா என்று பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் முக்கியம். போய்ச் சேர்ந்ததும் மொட்டைமாடிக்கு வழி எங்கே என்று கேட்டு ஏறிப் பாருங்கள். தட்டோடு போட்டு, தண்ணீர் தேங்காமல், ஓரத்தில் செடி முளைக்காமல் இருந்தால் நல்ல இடம்தான், தாராளமாகக் காசு கொடுக்கலாம். மேலே விடமாட்டோம் என்றால் அடுத்த தடவை வேறு இடம் பாருங்கள்.